வேஷம் பிரிக்கிறது யார்? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் காமன் பொட்டல் வரை

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. பண்டாரவளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், எங்களில் ஒருவருடைய வீட்டில், ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட உட்கார்ந்தோம். ரெண்டு பேர் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்த்து ஆசைப்பட்டவர்கள். ஒருவர் ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாடி முடித்தவர். மிச்ச ரெண்டு பேர் தேத்தண்ணிக்கும் வடைக்கும் வந்தவர்கள். இருபது முகக் கட்டை எங்களிடம் இல்லை. போனில் ஒரு ஆப் போட்டு உருட்டினோம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக இருந்து, “நான் கதவை உடைக்கிறேன்”, “நான் அவனோட பேசிப் பார்க்கிறேன்” என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று தாயக்கட்டை மாதிரி ஒரு கட்டை முடிவு செய்யும். ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்துக்கு ஒரு தாள் நிரப்ப வேண்டும். பேர், இனம், வகுப்பு. வகுப்பு என்றால் போர்வீரன், மந்திரவாதி, குரு, திருடன் என்று ஆளின் வகை.

அங்கேயே சண்டை வந்துவிட்டது. தமிழில் ‘வகுப்பு’ என்று எழுதின உடனே ஒருத்தர் சிரித்தார். பள்ளிக்கூடத்திலும் வகுப்பு, சாதியைச் சொல்லவும் வகுப்பு. “அப்ப இதுல எந்த வகுப்புனு எழுதுறது?” என்று கேட்டார். பகிடியாகக் கேட்டதுதான். ஆனால் அறை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

அடுப்படியில் இருந்து அப்பாயி எட்டிப் பார்த்தார். நாங்கள் என்ன செய்கிறோம் என்று விளக்கினோம். முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: “காமன் கூத்துக்கு வேஷம் பிரிப்பாங்களே, அந்த மாதிரியா?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்து வந்தது. வேஷத்தை யார் பிரிக்கிறார்கள், எதை வைத்துப் பிரிக்கிறார்கள், பிரித்ததை மாற்ற முடியுமா என்று தேடிப் போனோம். ஒரு பக்கம் அமெரிக்காவின் விஸ்கொன்சினுக்குப் போனது. இன்னொரு பக்கம் மீரியபெத்தயில் வந்து நின்றது.

மூன்று வகுப்பில் தொடங்கிய கதை

இந்த விளையாட்டின் வேர் போர் விளையாட்டுகளில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்யா நாட்டு இராணுவ அதிகாரிகள் வரைபடத்தில் படைகளை நகர்த்திப் பயிற்சி செய்தார்கள். அதன் பிள்ளை, பேரப்பிள்ளைகளாக வந்த விளையாட்டுகளை 1960களில் அமெரிக்க இளைஞர்கள் பொழுதுபோக்காக ஆடினார்கள். அதில் ஒரு பொம்மை என்றால் ஒரு படைப்பிரிவு. தனி ஆளுக்கு அங்கே வேலை இல்லை.

1969இல் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் ‘பிரௌன்ஸ்டைன்’ என்று ஒரு ஆட்டம் நடத்தினார். அதில் ஆளுக்கு ஒரு தனிப் பாத்திரம் கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் அதையே அரக்கர்களும் மந்திரமும் உள்ள ‘பிளாக்மூர்’ உலகமாக வளர்த்தார். விஸ்கொன்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சின்ன ஊரில் இருந்த கேரி கைகாக்ஸ் 1971இல் ‘செயின்மெயில்’ என்ற போர் விளையாட்டு விதிகளை வெளியிட்டிருந்தார். ரெண்டு பேரும் சேர்ந்து 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சின்னப் புத்தகங்கள். முதலில் அச்சடித்தது 1,000 பிரதிதான்.

அந்தப் பெட்டியில் இருந்த வகுப்புகள் மூன்று: சண்டைக்காரன், மந்திரவாதி, குரு. குரு எப்படி வந்தார் என்பதற்கு ஒரு நல்ல கதை உண்டு. பிளாக்மூரில் ஒருவருடைய பாத்திரம் இரத்தக்காட்டேரியாகி யாராலும் அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதைச் சமாளிக்கத்தான், பழைய பேய்ப் படங்களில் வருகிற காட்டேரி வேட்டைக்காரரை மனதில் வைத்து, குரு என்ற வகுப்பு உருவானது. பிறகு அவர் காயம் ஆற்றுகிறவராக நிலைத்துவிட்டார். இன்றைக்கு நீங்கள் எந்த ஆன்லைன் கேமில் ‘ஹீலர்’ எடுத்தாலும் அவருடைய மூதாதை அந்தக் காட்டேரி வேட்டைக்காரர்தான்.

1975இல் வந்த முதல் இணைப்புப் புத்தகத்தில் திருடன் சேர்ந்தான், தருமவீரன் சேர்ந்தான். அதற்கப்புறம் காட்டுவழிகாட்டி, கொலையாளி, துறவி என்று ஒவ்வொன்றாக வந்தன. காட்டுவழிகாட்டி டோல்கியனின் அரகோர்ன்தான் என்று பார்த்தவுடனே தெரியும். தருமவீரனுக்குப் பின்னால் போல் ஆண்டர்சனின் நாவல் இருக்கிறது. மந்திரவாதி ஒரு மந்திரத்தைச் சொன்னவுடன் அது அவனுக்கு மறந்துபோகும் என்ற விதி ஜாக் வான்ஸின் கதைகளில் இருந்து எடுத்தது. ஆக, வகுப்புகள் வானத்தில் இருந்து விழவில்லை. யாரோ சிலர் படித்த கதைகளில் இருந்தும், பார்த்த படங்களில் இருந்தும், ஆட்டத்தில் வந்த தேவைகளில் இருந்தும் பொறுக்கி எடுத்தவை.

எங்கள் பக்கத்து ஆட்களும் அந்தப் புத்தகங்களில் இருக்கிறார்கள் என்பது எங்களுக்கே புதுச் செய்தி. 1980இல் வந்த கடவுளர் புத்தகத்தில் இந்தியத் தெய்வங்களுக்கு ஒரு பகுதி உண்டு. இந்திரன், எமன், கார்த்திகேயன் எல்லாருக்கும் உயிர்ப்புள்ளி இத்தனை, கவசம் இத்தனை என்று எண்கள் போட்டிருக்கிறார்கள். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிற ஊர்க்காரர்கள் நாங்கள். முருகனுக்கு உயிர்ப்புள்ளி எத்தனை என்று பார்த்தபோது சிரிப்பு வந்தது.

இனமே வகுப்பானபோது

சிரிப்பு நிற்கிற இடமும் அதே விதிப்புத்தகங்களில்தான் இருக்கிறது.

1974 விதிப்படி மனிதன் எவ்வளவு வேண்டுமானாலும் லெவல் ஏறலாம். குள்ளன் 6ஆம் லெவலோடு நிற்க வேண்டும். அரையாள் 4ஆம் லெவலோடு. எவ்வளவு அரக்கர்களைக் கொன்றாலும், எத்தனை வருஷம் விளையாடினாலும் அதற்கு மேல் கதவு இல்லை. பிறப்புதான் எல்லை. 1981இல் டொம் மோல்ட்வே எழுதிய அடிப்படைப் பதிப்பு இன்னும் ஒருபடி மேலே போனது. மனிதன் என்றால் போர்வீரனாகவோ குருவாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ ஆகலாம். குள்ளனுக்கு வகுப்பே ‘குள்ளன்’தான். அவனுக்குத் தேர்வு கிடையாது. பிறந்ததே தொழில்.

பெண்களுக்கும் ஒரு கோடு போட்டிருந்தார்கள். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில், ஒரே இனத்துப் பெண் பாத்திரத்தின் உடல்பலம் ஆணுடையதைவிடக் குறைந்த எண்ணோடு நிற்க வேண்டும் என்று அட்டவணையே இருந்தது. டிராகனும் பறக்கும் கம்பளமும் சாத்தியமான உலகத்தில், ஒரு பெண் ஆணுக்குச் சமமான பலத்தோடு இருப்பதை மட்டும் நம்ப முடியவில்லை போல.

இதெல்லாம் பிறகு மாறியது. 1989 பதிப்பில் பெண்களுக்கான எல்லை போனது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் பிறப்பை வைத்துப் போட்ட லெவல் எல்லைகள் போயின. 2024 பதிப்பில் ‘இனம்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு வேறு சொல் போட்டார்கள். மாறினதற்குக் காரணம், ஆடியவர்கள் கேள்வி கேட்டார்கள், நிறையப் பேர் தங்கள் மேசையில் அந்த விதியை முதலிலேயே தூக்கிப் போட்டுவிட்டு ஆடினார்கள். விதியை எழுதியவர்கள் பின்னால்தான் வந்தார்கள்.

மாசி மாதத்து வேஷங்கள்

இப்போது அப்பாயி சொன்ன இடத்துக்கு வருவோம்.

காமன் கூத்து மலையகத்தில் மாசி மாதம் நடப்பது. அமாவாசை கழிந்து வளர்பிறையில் பொட்டலில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து இரவுகளில் தப்புச் சத்தத்தோடு ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிவன் தவத்தில் இருக்கிறார். தவத்தைக் கலைக்க மன்மதனை அழைத்துத் தூதன் ஓலை கொண்டு வருகிறான். ரதி போகாதே என்று தடுக்கிறாள். மதன் போகிறான், மலரம்பு விடுகிறான், நெற்றிக்கண்ணில் எரிகிறான். ரதி அழுகிறாள். கடைசி இரவில் எமன், வீரபத்திரன், தட்சன், குறவன், குறத்தி என்று வேஷங்கள் ஒவ்வொன்றாகப் பொட்டலுக்கு இறங்கும். விடிகிற நேரத்தில் கம்பம் எரியும். எரிந்த பிறகு காமனை உயிரெழுப்பும் சடங்கும் உண்டு.

இந்தக் கதையைத் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் கொண்டு வந்தார்கள். தஞ்சைப் பக்கம் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடி வாதம் செய்வார்கள். இங்கே வந்த பிறகு அது தோட்டத்துக்கான கூத்தாக மாறியது. தேர்ந்த கலைஞர் கூட்டம் என்று ஒன்று இல்லை. பகலில் கவ்வாத்து வெட்டியவர் இரவில் மதன். முள்ளுக் குத்தியவர் வீரபத்திரன். மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் இந்தக் கலைகளைத் தேடிப் பதிந்து வைத்ததால்தான் நாங்கள் இவ்வளவாவது தெரிந்துகொள்கிறோம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோடு இதை ஒப்பிட்டால் மேலோட்டமாகப் பொருத்தம் நிறைய. எமன், வீரபத்திரன் என்றால் அவர்களுக்கென்று நடை, நிறம், குரல் உண்டு. பார்க்கிற சின்னப் பிள்ளைக்கும் தூரத்தில் இருந்தே யார் வருகிறார் என்று தெரிந்துவிடும். வகுப்பு என்பதன் வேலையும் அதுதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. எங்கள் விளையாட்டில் வேஷத்தை எடுப்பது ஆசைக்கு. காமன் கூத்தில் எடுப்பது நேர்த்திக்கு. பிள்ளை இல்லாதவர், நோயில் இருந்து எழும்பியவர், வீட்டில் ஒரு காரியம் நடக்க வேண்டும் என்று நினைத்தவர் வேஷம் கட்டுவதாக நேர்ந்துகொள்வார். கட்டினால் விரதம் இருக்க வேண்டும். வீரபத்திரனுக்கு அருள் வந்தால் பின்னால் இருந்து நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டையில் ஒன்று விழுந்தால் “சரி, அடுத்த தடவை” என்று சொல்லிவிட்டு வடை எடுக்கிற விஷயம் இல்லை அது.

எல்லாம் அழகு என்றும் சொல்ல மாட்டோம். ரதி பெண். ஆனால் ரதி வேஷம் ஆண்தான் கட்டினார். தப்பு அடிப்பது குறிப்பிட்ட சாதிக்காரர்களின் கடமை என்று ரொம்பக் காலம் இருந்தது. தப்பு இல்லாமல் கூத்து ஒரு அடி நகராது. ஆனாலும் அடித்தவருக்கு மேடையில் இருந்த மதனுக்குக் கிடைத்த மரியாதை கிடைத்ததா என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். குள்ளனுக்கு வகுப்பே ‘குள்ளன்’ என்று எழுதிய 1981ஆம் வருஷப் புத்தகத்தைப் பார்த்து நாம் மட்டும் சிரிக்க முடியாது.

ஒரு முழுக் குழு

மலையகத்தில் ஆடுகிற இன்னொரு கூத்து பொன்னர் சங்கர். கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை. 1965இல் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியலாளர் கோயம்புத்தூர்ப் பக்கம் இதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். கலைஞர் கருணாநிதி நாவலாக எழுதினார், 2011இல் படமாகவும் வந்தது.

இதில் ஒரு முழுக் குழுவே இருக்கிறது. அண்ணன் பொன்னர் நிதானமானவர், தர்மம் பார்ப்பவர். தம்பி சங்கர் கோபக்காரர், வாளை எடுத்துவிட்டுத்தான் யோசிப்பார். தங்கை தங்காளுக்கு வரப்போவது முன்பே தெரியும். படுகளத்தில் அண்ணன்மார் விழுந்து கிடக்கும்போது அவர்களை எழுப்புகிறவளும் அவள்தான். தருமவீரன், சண்டைக்காரன், குரு. விஸ்கொன்சினில் பெட்டி அச்சாவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே உடுக்கைக் கையில் வைத்துக்கொண்டு பாடியவர்களுக்கு இந்த வகைகள் தெரிந்திருந்தன.

நாலாவது ஆள் சாம்புகன். பலத்தில் அண்ணன்மாருக்குச் சளைத்தவன் இல்லை. விசுவாசத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன் என்பதால் கதை முடியும்வரை பணியாள்தான். அவனுக்கு லெவல் எல்லை போட்டது எந்தப் புத்தகமும் இல்லை, ஊர்தான். எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார், “நான் சாம்புகனாத்தான் விளையாடுவேன், ஆனா அண்ணன்மாருக்கு வேலைக்காரனா இல்ல.” நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அந்த ஒரு மாற்றத்தில் கதை எங்கெங்கேயோ போனது என்பது வேறு விஷயம்.

செக்ரோல் என்கிற தாள்

இதுவரை பேசினது கூத்து, விளையாட்டு. தோட்டத்திலேயே ஒரு பாத்திரத் தாள் இருந்தது. அதை நிரப்பியவர்கள் நாங்கள் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக நம்மவர்கள் வந்தபோது மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலும் பேதியும் நிறையப் பேரைக் கொண்டுபோயின. கூட்டத்துக்குத் தலைவர் கங்காணி. 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் வந்தது, பிறகு தேயிலை வந்தது. 1890இல் லிப்டன் ஊவா மலைகளில் தோட்டங்களை வாங்கினார். 1924இல் ரயில் பதுளை வரை வந்தது. இந்தக் காலம் முழுக்க ஆள்களைப் பிரித்து வைத்த வகைகள் கிட்டத்தட்ட மாறவே இல்லை.

மேலே பெரிய துரை, அவருக்குக் கீழே சின்ன துரை. கிளாக்கர். கணக்கப்பிள்ளை. பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி. கீழே தொழிலாளி. பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. ஒன்பதாம் லெவலில் சண்டைக்காரன் ‘பிரபு’ ஆகி, கோட்டை கட்டிக் குடிகளிடம் வரி வாங்கலாம். பெரிய கங்காணியும் கிட்டத்தட்ட அப்படித்தான். தன் ஆட்களில் ஒவ்வொருவர் வேலைக்கு வந்ததற்கும் தலைக்காசு வாங்கினார். கடன் கொடுத்து ஆளைக் கட்டி வைத்தார். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆள்களை எடுக்கும். 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

யார் கங்காணி ஆகலாம் என்பதும் திறமையை மட்டும் பார்த்து வந்ததில்லை. கங்காணிகளில் அதிகம் பேர் சாதி அடுக்கில் மேலே வைக்கப்பட்டவர்கள். கொழுந்து எடுத்தவர்களில் அதிகம் பேர் பள்ளர், பறையர், சக்கிலியர். லயங்களையே சாதி வாரியாகப் பிரித்துக் கொடுத்த தோட்டங்கள் உண்டு. துரைக்கும் அது வசதியாக இருந்தது.

பெண்ணுக்கும் எல்லை இருந்தது. கொழுந்து எடுப்பது பெண்கள், மேலே நின்று பார்ப்பது ஆண் கங்காணி. ஒரே நாள் வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். அது சமமானது 1984இல், வேலைநிறுத்தம் செய்த பிறகு. 1978 கையேட்டின் பலம் அட்டவணையைப் பார்த்து எங்கள் தோழி ஒருவர் சொன்னது இதுதான்: “அந்தப் புத்தகம் வந்த வருஷம் எங்க அம்மாயி மலையில நின்னாங்க. அவங்களுக்கும் அதே அட்டவணைதான்.”

தோட்டத்துத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. ‘பேர்’. ஒரு நாள் வேலை முழுசாக முடித்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். குறித்த நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப் பேர். அந்த நிறை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், 16 கிலோ, 18 கிலோ என்று இருக்கும். “இன்னைக்கு எனக்கு அரைப் பேர்தான்” என்று அம்மாமார் சொல்லிக் கேட்டே வளர்ந்தோம். எங்கள் விளையாட்டுத் தாளில் முதல் வரி பேர். அதை எழுதினால்தான் பாத்திரம் பிறக்கிறது. தோட்டத்தில் பேர் என்றால் அன்றைய கூலி. ஒரு மனுஷருக்குப் பாதிப் பேர் போடலாம் என்பதை நாங்கள் யாரும் விசித்திரமாக நினைத்ததே இல்லை.

நாட்டின் தாளிலும் இதே கதைதான். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். அதில் ஒருவர் சி. வி. வேலுப்பிள்ளை. மலையக நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவர்தான். அடுத்த வருஷமே 1948 குடியுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். 1974இல், அதாவது அந்த விளையாட்டுப் பெட்டி வந்த அதே வருஷம், அந்த 1,50,000 பேரையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மிஞ்சி இருந்த நாடற்றவர்களுக்கு 2003இல் வந்த சட்டத்தோடுதான் குடியுரிமை கிடைத்தது. வேஷம் பிரித்தவர்கள் ஆடுகிறவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மீரியபெத்த

2014 ஒக்டோபர் 29. ஹல்துமுல்ல பிரதேசத்தில், கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்த. தொடர்ந்து பெய்த மழைக்குப் பிறகு, காலை வேலைக்கும் பள்ளிக்கும் ஆள்கள் புறப்படுகிற நேரத்தில் மலை இறங்கியது. லயங்கள், கோயில், கடைகள் எல்லாம் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்ததால் பிழைத்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது.

அன்றைக்கு எத்தனை பேர் போனார்கள் என்பதைச் சொல்லவே நாட்டுக்கு நாள்கணக்கில் ஆனது. முதலில் நூற்றுக்கணக்கானோர் என்றார்கள். பிறகு எண்ணிக்கை இறங்கி இறங்கி, முப்பதுக்கும் மேற்பட்டோர் என்று வந்தது. தோண்டி எடுக்காமலே நின்ற உடல்கள் இன்னும் அந்த மண்ணுக்குள் இருக்கின்றன.

ஒரு நாளில் யார் எத்தனை கிலோ எடுத்தார் என்று நூற்றைம்பது வருஷமாகப் பிசகாமல் கணக்கு வைத்த ஒரு அமைப்பு இது. அரைப் பேர் வரைக்கும் பிரித்து எழுதத் தெரிந்த அமைப்பு. அந்த லயத்தில் அன்று காலை யார் யார் இருந்தார்கள் என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. செக்ரோலில் இருந்தது தொழிலாளி. ஓய்வு பெற்ற தாத்தா, கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டு லீவுக்கு வந்த மகன், கைக்குழந்தை, இவர்களுக்கெல்லாம் அந்தத் தாளில் வரி இல்லை.

“எச்சரித்தும் ஏன் போகவில்லை?” என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். உண்மைதான், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்து என்று சொல்லியிருந்தது. ஆனால் போவது எங்கே? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் வீடும் போகும். ‘தொழிலாளி’ என்ற வகுப்புக்கு எழுதிவைத்த விதியில் இடம்பெயர்தல் என்ற நகர்வே இல்லை. பழைய விதிப்புத்தகத்தில் அரையாள் நாலாம் லெவலைத் தாண்ட முடியாது என்று இருந்தது மாதிரி. தாண்டாதது அவன் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். மீரியபெத்த மக்களைப் பார்த்து அதையே சொன்னபோது பலர் தலையாட்டினார்கள்.

பிழைத்தவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நெருக்கியடித்துக்கொண்டு நீண்ட காலம் இருந்தார்கள். பிறகு பூனாகலைப் பக்கம் தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. நிலம் 7 பேர்ச் என்பது அப்போதைய வீட்டுத் திட்டங்களின் கணக்காக இருந்தது. மலையின் மற்றப் பக்கங்களில் லயங்கள் அப்படியே இருக்கின்றன. மழை கனத்தால் நாங்கள் இப்போதும் இரவில் எழும்பி வெளியே வந்து மேலே பார்க்கிறோம்.

மறுபடியும் அந்தச் சனிக்கிழமை

அன்றைக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லி முடிக்கிறோம்.

வகுப்பு என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு ‘வேஷம்’ என்று எழுதினோம். வகுப்பு என்பது ஒருத்தரோடு ஒட்டிக்கொண்டது மாதிரி இருக்கிறது. வேஷத்தைக் கட்டலாம், கலைக்கலாம். மதன் கட்டியவர் மறுநாள் காலை பெரட்டுக்குப் போனார் என்றாலும், அந்த இரவில் அவர் தெய்வத்தின் மேலேயே அம்பு விட்டவர். அதை யாரும் அவரிடம் இருந்து எடுக்க முடியாது. ஊரே பார்த்தது.

பட்டியலும் மாறியது. போர்வீரன், மந்திரவாதி எல்லாம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு இன்னும் சிலதைச் சேர்த்தோம். உடுக்கைக்காரர்: பாடினால் குழுவில் விழுந்தவர் எழும்புவார். தூதர்: மூடின கதவுக்கும் ஓலை கொண்டு போவார். மருத்துவச்சி. ரதி: சாவையும் எதிர்த்துக் கேள்வி கேட்கிறவள், பெண்ணும் கட்டலாம், ஆணும் கட்டலாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து முதல் தலைமுறை ஆசிரியர்: இவருக்கு வாளும் இல்லை, மந்திரமும் இல்லை, ஆனால் மற்றவர்களின் லெவல் எல்லையை இவரால் உடைக்க முடியும். கங்காணியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. இன்னும் முடியவில்லை.

தாளின் அடியில் ஒரு வரி கூடுதலாகப் போட்டோம். ‘இவர் காணாமல் போனால் யார் யார் தேடுவார்கள்?’ ஆட்டத்துக்கு அது தேவையே இல்லை, கட்டை உருட்டவும் அது வேண்டாம். ஆனாலும் எல்லாரும் முதலில் அந்த வரியைத்தான் நிரப்பினோம்.

படிக்கிற உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பாயி, அம்மாயி யாராவது இருந்தால், காமன் கூத்திலோ பொன்னர் சங்கரிலோ அருச்சுனன் தபசிலோ என்ன வேஷம் கட்டினார்கள், யார் கட்டச் சொன்னார்கள், கட்ட ஆசைப்பட்டும் கிடைக்காத வேஷம் எது என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். எங்கள் அப்பாயி அதற்குப் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்தார். அடுப்பில் இருந்த தேத்தண்ணி கொதித்து வழிந்தது. பிறகு சொன்னார்: “எனக்கு எமன் கட்டணும்னு ஆச. யாரும் கேக்கவே இல்ல.”

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் எமன் அவர்தான்.